பக்கத்து மரத்துக் காளானும் நம் மரத்துக் காளானும் ஒன்றா? எல்லைப் பள்ளம் வெட்டும் முன் ஒரு கேள்வி

#1 கீழ்ப்பிரிவு

வணக்கம். நிலம் மலேசியாவின் பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங் பக்கம், கடலோரக் களிமண். ஆதியில் தென்னை. அதை வெட்டிச் செம்பனை நட்டார்கள். இப்போது நிற்பது செம்பனையின் இரண்டாவது நடவு, வயது 12. நான்கு ஹெக்டேரில் 40 மரங்களின் அடியில் தட்டுக் காளான் வந்துவிட்டது. பக்கத்து நிலத்திலும் இதே நிலைமை.

"நோய் அங்கிருந்து வேர் வழியாக வருகிறது, எல்லையில் ஆழமாகப் பள்ளம் வெட்டினால் நின்றுவிடும்" என்று இங்கே பலர் சொல்கிறார்கள். எக்ஸ்கவேட்டர் வாடகையை நினைத்தால் தயக்கமாக இருக்கிறது. வெட்டுவதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். பக்கத்து நிலத்துப் பூஞ்சையும் என் மரத்துப் பூஞ்சையும் ஒன்றுதானா? ஒன்று என்றால் அதைச் சோதித்துப் பார்க்க வழி உண்டா?

#2 மேட்டுப்பிரிவு

தம்பி, முதலில் நோய் எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். விரியாத குருத்து மூன்றோ அதற்கு மேலோ நிற்கிறதா? கீழ் மட்டைகள் தண்டோடு ஒட்டிப் பாவாடை போலத் தொங்குகின்றனவா? அடித்தண்டைக் கத்தியின் பின்புறத்தால் தட்டினால் பொந்து போலச் சத்தம் வருகிறதா? இவற்றோடு காளானும் இருந்தால் அடித்தண்டு அழுகல்தான். மட்டையில் அறிகுறி தெரியும் நேரத்தில் அடித்தண்டின் உள்சதையில் பாதி போயிருக்கும்.

பள்ளத்தைப் பற்றிச் சொன்னால், வேரோடு வேர் உரசித்தான் இது பரவுகிறது என்பது நம் தோட்டங்களில் காலங்காலமாகச் சொல்லப்படுவது. ஒரு மரம் விழுந்தால் சுற்றி நிற்கும் ஆறில் இரண்டு மூன்று பிறகு விழுகின்றன. வெட்டுவதானால் ஒரு மீட்டருக்குக் குறையாத ஆழம் வேண்டும், மட்டையும் மண்ணும் விழுந்து மூடாமல் வருடா வருடம் தூர்வாரவும் வேண்டும். தூர்ந்துபோன பள்ளத்துக்குள் வேர் எளிதாக இறங்கிக் கடந்துவிடும். பெரும்பாலான பள்ளங்கள் வீணாவது அப்படித்தான்.

#3 இழைக்கூடம்

அண்ணன் சொன்ன அடையாளங்கள் சரி. ஆனால் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன, அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே இனமா என்பது ஒன்று. ஒரே உயிரா என்பது வேறு.

இனம் பற்றி: மலாயாவில் செம்பனைத் தண்டழுகலை 1931இல் தாம்சன் பதிவு செய்தபோது கானோடெர்மா லூசிடம் என்ற பெயரைச் சொன்னார். பிறகு அரை நூற்றாண்டுக்குப் பல பெயர்கள் புழங்கின. தீபகற்பத்தில் செம்பனையில் கிடைப்பது கானோடெர்மா போனினென்ஸ் என்று 1985இல் ஹோ, நவாவி இருவரும் எழுதினார்கள். ஜப்பானின் போனின் தீவுகளில் கிடைத்த மாதிரியை வைத்து 1889இல் பத்துயார் இட்ட பெயர் அது. சோனாட்டம், மினியாட்டோசிங்க்டம் என்ற உறவினங்களும் செம்பனையைத் தாக்கும், ஆனாலும் உங்கள் நிலத்திலும் பக்கத்து நிலத்திலும் இருப்பது போனினென்ஸ் ஆகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரே உயிரா என்பதில்தான் பள்ளத்தின் பயன் அடங்கியிருக்கிறது. ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் பூஞ்சை இழை வேர் வழியாகத் தவழ்ந்து போனால் இரண்டிலும் ஒரே மரபணு அமைப்பு இருக்க வேண்டும். வாழைக் கன்று தாய்வாழையைப் போலவே இருப்பது மாதிரி. மில்லரும் அவர் குழுவினரும் இதைச் செம்பனை நடவுகளில் சோதித்து 1999இல் வெளியிட்டார்கள். அடுத்தடுத்து நிற்கும் மரங்களில் எடுத்த பூஞ்சைகள் பெரும்பாலும் வெவ்வேறு உயிர்களாக இருந்தன. ஒரே மரத்திலேயே ஒன்றுக்கு மேற்பட்ட உயிர்கள் இருப்பதும் தெரிந்தது. பாப்புவா நியூகினியில் பிலோட்டி குழுவினர் செய்த வேலையும் அதே பக்கம்தான் நிற்கிறது.

#4 மேட்டுப்பிரிவு

அப்படியானால் நோய் மரங்கள் ஏன் கும்பல் கும்பலாக நிற்கின்றன, அம்மா? காற்றில் வரும் காளான் வித்து என்றால் பிளாக் முழுக்கச் சிதறித்தானே விழ வேண்டும்? நாற்றுமேடையிலும் நோய் பிடித்த கட்டையை வேரில் ஒட்டி வைத்தால்தான் நோய் வருகிறது, வித்தைத் தூவினால் வருவதில்லை. இந்த இரண்டுக்கும் பதில் சொல்லாமல் வேர்த்தொடர்பை ஒதுக்கக் கூடாது.

#5 வித்துவழி

அண்ணே, இரண்டும் நியாயமான கேள்விகள். வேர்த்தொடர்பை ஒதுக்கத் தேவையே இல்லை. பூஞ்சையின் வாழ்க்கைச் சுழற்சியைப் பார்த்தால் இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேரும்.

காளானின் அடிப்பக்கத்து நுண்துளைகளிலிருந்து உதிரும் வித்து ஒவ்வொன்றிலும் தாயின் மரபில் பாதிதான் இருக்கும். அது முளைத்தால் ஒருகரு இழை, அதாவது செல்லுக்கு ஒரு கரு மட்டும் உள்ள இழை வரும். அந்த இழை மெலிந்தது, உயிருள்ள செம்பனை வேரை உடைத்து நுழையும் வலு அதற்கு இல்லை. பொருத்தமான இன்னொரு ஒருகரு இழையோடு இணைந்து இருகரு இழையான பிறகுதான் கட்டையைத் தின்று, வேரைத் தாக்கி, காளானும் விடும். அண்ணன் சொன்னபடி வித்தை நேராக நல்ல வேரில் இட்டு நோய் வரவழைக்கும் முயற்சிகள் தோற்பதற்குக் காரணம் இதுதான்.

இணைவதற்கு இரண்டு பூட்டுகள் உண்டு, ஏ என்றும் பி என்றும் சொல்வார்கள். இரண்டிலும் வேறுபட்டால்தான் இணைவு. ஒரே காளானின் வித்துகள் நான்கு வகையாகப் பிரிவதால், அதன் பிள்ளைகளுக்குள் எடுக்கும் இணைகளில் நான்கில் ஒன்றுதான் பொருந்தும். வெவ்வேறு காளான்களின் வித்துகள் என்றால், இரண்டு பூட்டுக்கும் ஏராளமான அல்லீல்கள் (ஒரே மரபணுவின் மாற்று வடிவங்கள்) புழக்கத்தில் இருப்பதால், கிட்டத்தட்ட எல்லாமே பொருந்தும். சொந்தத்துக்குள் சேர்வதைக் குறைத்து அசலில் சேரும்படி அமைந்த பூஞ்சை இது. ஒவ்வோர் இணைவும் இதுவரை உலகில் இல்லாத ஒரு புதிய உயிர்.

இப்போது கும்பலுக்கு வருவோம். இணைவு நடக்க நல்ல இடம் எது? வெட்டிப் போட்ட தண்டு, மண்ணில் விட்ட அடிக்கட்டை. ஈரமான, எதிர்ப்புச் சக்தி இல்லாத புதுமரம். அதன் வெட்டுமுகத்தில் பல காளான்களின் வித்துகள் விழுந்து, இணைந்து, ஆளுக்கொரு பங்கு பிடித்துக்கொள்கின்றன. 9 மீட்டர் முக்கோண நடவில் ஹெக்டேருக்குச் சுமார் 143 மரம். முதல் நடவை வெட்டியபோது தோண்டாமல் விட்டிருந்தால் ஹெக்டேருக்கு 143 அடிக்கட்டைகள் மண்ணுக்குள் கிடந்தன. இரண்டாவது நடவில் எந்தக் கன்றும் ஏதோ ஒரு பழைய கட்டையிலிருந்து சில மீட்டர்களுக்குள்தான் நிற்கும். கன்றின் வேர் நீண்டு அந்தக் கட்டையைத் தொடுகிறது. இந்த மரம் அந்தக் கட்டையிலிருந்தும், அடுத்த மரம் அடுத்த கட்டையிலிருந்தும் நோய் வாங்குகின்றன. தொற்று முழுக்க வேர் வழியாகத்தான், ஆனால் உயிர்கள் வெவ்வேறு. முந்திய நடவில் நோய்க் கட்டைகள் கும்பலாக இருந்த இடத்தில் இப்போதும் கும்பல் தெரிகிறது.

அப்படி என்றால் எல்லைப் பள்ளம் எதைத் தடுக்கும்? விதை ஏற்கெனவே உங்கள் காலடி மண்ணில் இருக்கிறது.

#6 மேட்டுப்பிரிவு

கட்டை வழி விளக்கம் பொருந்துகிறது. பழைய மரத்துக்கு மருந்து ஏற்றி நின்றபடியே சாகவிட்டு அடியில் கன்று நட்ட இடங்களில்தான் நோய் சீக்கிரமாகவும் மோசமாகவும் வரும். தென்னை இருந்த நிலமும் அப்படியே. ரப்பர் இருந்த நிலத்தில் தாமதமாக வரும். இதற்கெல்லாம் ஒரே காரணம்தான் போலிருக்கிறது.

ஆனாலும் ஒரு விஷயம். மில்லர் பார்த்த நிலம் வேறு, தம்பியின் நிலம் வேறு. சோதிக்காமல் எப்படி முடிவு செய்வது?

#7 கீழ்ப்பிரிவு

அதைத்தான் நானும் கேட்க நினைத்தேன். டிஎன்ஏ வரை போகாமல், சிறிய ஆய்வுக்கூட வசதியை வைத்துப் பார்க்க முடியுமா அக்கா? எத்தனை மரம், எப்படி எடுப்பது என்று விவரமாகச் சொன்னால் நல்லது. அடுத்த மாதம் மரங்களுக்கு மண் அணைப்பதாக இருக்கிறது.

#8 இழைக்கூடம்

மண் அணைப்பதற்கு முன்பே மாதிரி எடுத்துவிடுங்கள் தம்பி. அணைத்தபின் காளான் புதைந்துவிடும், பிறகு வருவது எந்தப் பக்கத்து இழை என்று தெரியாது.

இரண்டு மாதிரியின் பூஞ்சைகளை ஒரே தட்டில் எதிரெதிராக வளர்த்து மோதவிடுவதுதான் சோதனை. எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒப்பிட ஆசைப்பட வேண்டாம். 40 மாதிரிக்கு 780 இணை வரும், மும்முறை வைத்தால் 2340 பீட்ரி தட்டு. 12 மரம் போதும். எல்லையின் இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு, முடிந்தவரை அடுத்தடுத்து நிற்பவையாக. 66 இணை, மும்முறைக்கு 198 தட்டு, தன்னோடு தானே வைக்கும் ஒப்பீட்டுக்கு 36. மொத்தம் 234. பக்கத்து நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

எடுக்கும் முறை. இளம் காளான் வேண்டும், விளிம்பு இன்னும் வெள்ளையாக வளர்ந்துகொண்டிருப்பது. காய்ந்து கறுத்ததில் வண்டும் டிரைக்கோடெர்மா என்ற வேறொரு பூஞ்சையும் குடியேறியிருக்கும், அதிலிருந்து கானோடெர்மாவைப் பிரிப்பது பெரும்பாடு. ஒரு மரத்தில் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு காளான் எடுத்துத் தனித்தனிக் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் வியர்த்து பாக்டீரியா பெருகிவிடும். பையின் மேல் மர எண், வரிசை எண், திசை, தரையிலிருந்து உயரம். 24 மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும்.

பெரும்பாலானோர் தவறுவது அடுத்த படியில். காளானைப் பிளந்து, மேல் ஓட்டுக்கும் அடித் துளைப்படலத்துக்கும் நடுவிலிருக்கும் சதையிலிருந்து மட்டும் 5 மில்லிமீட்டர் துண்டு வெட்ட வேண்டும். துளைப்படலம் ஒட்டியிருந்தால் வித்துகள் சேர்ந்து வந்துவிடும். பிறகு தட்டில் வளர்வது தாய்க் காளானா, அதன் பிள்ளைகளின் கலவையா, காற்றில் வந்து ஒட்டிய அயலாரா என்று சொல்ல முடியாது. மரபணு வேலை முழுவதும் அங்கேயே கெட்டுப்போகும்.

துண்டை 1 விழுக்காட்டு சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிடம் போட்டு, கிருமி நீக்கிய நீரில் இரண்டு முறை அலசி, வடிதாளில் ஒற்றிக் கானோடெர்மா தேர்வு ஊடகத்தில் வைக்கவும். அரிஃபினும் இட்ரிஸும் உருவாக்கிய ஊடகம் அது. லிட்டருக்குப் பெப்டோன் 5 கிராம், அகார் 20 கிராம், கொஞ்சம் உப்புகள், அதோடு பிற பூஞ்சைகளையும் பாக்டீரியாவையும் அடக்கும் மருந்துகள், டானிக் அமிலம் 1.25 கிராம். டானிக், லாக்டிக் அமிலங்களையும் மருந்துகளையும் அகார் வெந்து 50 டிகிரிக்கு ஆறியபின் சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்து அழுத்தக் கலத்தில் வேகவைத்தால் அகார் உறையாமல் கஞ்சியாக நிற்கும். கையுறை அவசியம், சேர்க்கும் மருந்துகள் நல்லவை அல்ல. வெள்ளை இழையைச் சுற்றி ஊடகம் பழுப்பாக மாறினால் கானோடெர்மா டானிக் அமிலத்தைச் சிதைக்கிறது என்று அர்த்தம். விளிம்பிலிருந்து சாதாரண உருளைக்கிழங்கு அகாருக்கு மாற்றி 28 டிகிரியில் வையுங்கள். நுண்ணோக்கியில் இழையின் குறுக்குச் சுவரை அணைத்தபடி சின்னக் கொக்கி போன்ற இணைப்பு தெரிந்தால் இருகரு இழை. கொக்கி இல்லாத மாதிரியை இந்தச் சோதனைக்கு எடுக்கக் கூடாது.

இனி மோதவிடலாம். ஒரே வயதுடைய இரண்டு வளர்ப்புகளின் விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டர் வட்டம் வெட்டி, ஒரே தட்டில் 3 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து, 28 டிகிரியில் இருட்டில் இரண்டு மூன்று வாரம் விடுங்கள். ஒரே உயிர் என்றால் இழைகள் கலந்து ஒரே பாயாகிவிடும். வேறு உயிர் என்றால் நடுவில் வரப்பு எழும்பும், தட்டைத் திருப்பிப் பார்த்தால் பழுப்புக் கோடு தெரியும். தன்னோடு தானே வைத்த தட்டில் கோடு வந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் ஒதுக்குங்கள், ஊடகத்திலோ மாதிரியிலோ கோளாறு இருக்கிறது.

எச்சரிக்கை ஒன்று. கோடு வந்தால் வேறு உயிர் என்று நம்பலாம். கோடு வரவில்லை என்றால் ஒரே உயிர் என்று உடனே எழுதிவிடாதீர்கள். நெருங்கிய உறவு இழைகள் சில நேரம் மங்கலான கோட்டோடு நின்றுவிடும், பலமுறை மாற்றி மாற்றி வளர்த்துக் களைத்துப்போன வளர்ப்பும் ஏமாற்றும். அப்படிக் கலந்த இணைகளை மட்டும் டிஎன்ஏவுக்கு அனுப்புங்கள். செலவும் குறையும்.

#9 கணக்குப்பிள்ளை

ஒரு சேவைக்கூடத்தில் விசாரித்தேன். ஐடிஎஸ் பகுதியை வரிசைப்படுத்தித் தருகிறார்களாம், மாதிரிக்கு ஆகும் செலவும் அதிகமில்லை. மோதவிடும் வேலையே இல்லாமல் 40 மாதிரிக்கும் அதைச் செய்துவிட்டால் என்ன?

#10 வித்துவழி

செய்யலாம், ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் வராது ஐயா. ஐடிஎஸ் என்பது இனத்தின் அடையாள அட்டை. போனினென்ஸா சோனாட்டமா என்று பிரித்துக் காட்டும். இரண்டு போனினென்ஸ் காளான்களை எடுத்தால் பல நேரம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே வரும். அதைப் பார்த்து "இரண்டும் ஒன்று, பக்கத்திலிருந்துதான் வந்தது" என்று அறிக்கை எழுதினால் பிழை. ஒரு குடும்பப் பெயரை வைத்து ஆளைப் பிடிப்பது போல ஆகிவிடும்.

ஆளைப் பிடிக்க மைக்ரோசாட்டிலைட் குறிகள், அதாவது டிஎன்ஏவில் ஆளுக்கு ஆள் நீளம் மாறும் இடங்கள் வேண்டும். கானோடெர்மா போனினென்ஸுக்கென்றே மெர்சியே குழுவினர் 2015இல் ஒரு தொகுதி வெளியிட்டார்கள். இருகரு இழை என்பதால் ஒவ்வொரு குறியிலும் இரண்டு அல்லீல் வரை தெரியும். மூன்று தெரிந்தால் மாதிரியில் இரண்டு உயிர் கலந்திருக்கிறது, இழைக்கூடம் அக்கா சொன்ன துளைப்படலத் தவறுக்கு அதுவே சாட்சி.

எத்தனை குறி தேவை என்பதைக் கணக்கில் பாருங்கள். உறவில்லாத இரண்டு உயிர்கள் ஒரு குறியில் தற்செயலாக ஒத்துப்போகும் வாய்ப்பு 0.3 என்று வைத்துக்கொள்வோம். 4 குறி பார்த்தால் 0.0081. சிறிய எண்ணாகத் தெரியும். ஆனால் 40 மாதிரியில் 780 இணை இருக்கிறதே, ஆறு இணைகள் சும்மாவே "ஒரே உயிர்" என்று வந்து நிற்கும். 10 குறி பார்த்தால் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஆறு, 780 இணைக்கும் சேர்த்தே 0.005க்குக் கீழ். ஆகவே பத்துக்குக் குறைந்த குறிகளோடு வரும் அறிக்கையை வைத்துப் பள்ளம் வெட்ட வேண்டாம். கூடப்பிறந்த உயிர்கள் என்றால் தற்செயல் ஒற்றுமை இன்னும் அதிகம், அதற்கும் சேர்த்தே சொல்கிறேன்.

டிஎன்ஏ பிரிக்கும்போது இந்தப் பூஞ்சையின் பசைதான் தொல்லை. வயதான வளர்ப்பில் பாலிசாக்கரைடு மிகுந்து டிஎன்ஏ கஞ்சித் தெளிவு போல வழவழப்பாக வரும், டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் ஓடாது. ஏழு முதல் பத்து நாள் திரவ வளர்ப்பு எடுத்து, வடிகட்டி, உறைய வைத்து உலர்த்தி, திரவ நைட்ரஜனில் அரைத்து, சிடிஏபி கரைசலில் 65 டிகிரியில் முக்கால் மணி நேரம் வைக்கவும். குளோரோஃபார்மும் ஐசோஅமைல் ஆல்கஹாலும் 24க்கு 1. ஒரு முறைக்குப் பதில் இரண்டு முறை கழுவினால் பசை போகும்.

#11 கீழ்ப்பிரிவு

புரிகிறது. இன்னொரு சந்தேகம். இத்தனை வகை எங்கிருந்து வந்தது? செம்பனையே வெளியிலிருந்து வந்த பயிர்தானே, அதோடு வந்த நோய் என்றால் வகை குறைவாகத்தானே இருக்க வேண்டும்?

#12 வித்துவழி

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியே இதுதான்.

செம்பனை 1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் தோட்டத்துக்கு நான்கு கன்றுகளாக வந்தது. மலாயாவில் வணிக நடவு 1917இல் கோலா சிலாங்கூர் பக்கம் தென்னமாராம் தோட்டத்தில் தொடங்கியது. ஆகப் பயிருக்கு இந்த மண்ணில் வயது குறைவு, அதன் மரபும் குறுகியது. டெலி டூரா என்னும் செம்பனை வழி எல்லாம் அந்த நான்கின் வழித்தோன்றல். பூஞ்சையும் கூடவே வந்திருந்தால் நீங்கள் சொன்னது போல அதுவும் ஒடுங்கியிருக்கும். ஆனால் சுமத்ராவிலும் தீபகற்பத்திலும் எடுத்த மாதிரிகளை வைத்து மெர்சியே குழுவினர் 2017இல் காட்டியது வேறு. கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தாராளமான மரபணுப் போக்குவரத்து இருக்கிறது, பூஞ்சையின் எண்ணிக்கை பெருகிய காலமும் பழையது, செம்பனை வருவதற்கு முந்தியது. அதாவது மண்ணின் பூர்வீகக் குடி பூஞ்சைதான், விருந்தாளி மரம்தான். காட்டுப் பனை வகைகளிலும் தென்னங்கட்டையிலும் வாழ்ந்துகொண்டிருந்ததற்கு ஹெக்டேருக்கு 143 பந்தி விரித்தோம்.

தமிழ்நாட்டில் தென்னைக்கு வரும் தஞ்சாவூர் வாடலும் கானோடெர்மா குடும்பத்து நோய்தான். அங்கே லூசிடம் என்ற பெயரில் சொல்வார்கள். இங்குள்ளதோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அங்கே பலித்த வைத்தியம் இங்கே பலிக்கும் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

#13 நாற்றுமேடை

மேலே சொன்ன வகைப்பெருக்கம் கன்றுத் தேர்வில் பெரிய சிக்கல். "தாங்கும் ரகம்" என்று சொல்லி விற்கப்படும் கன்றுகளைப் பற்றி வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எத்தனை பூஞ்சை மாதிரிகளை எதிர்த்துச் சோதித்தீர்கள்?

சோதனை முறை இதுதான். 6க்கு 6க்கு 12 சென்டிமீட்டர் ரப்பர் மரக்கட்டையைக் கிருமி நீக்கி, பூஞ்சை ஏற்றி, கட்டை முழுக்க வெள்ளை படரும் வரை சில வாரங்கள் விடுவார்கள். பையின் அடியில் கட்டை, அதன் மேல் வேர் உட்காரும்படி மூன்று நான்கு மாதக் கன்று. ஆறு மாதத்துக்கு மேல் மாதாமாதம் இலை, காளான் கணக்கு, முடிவில் பிளந்து வேர், தண்டுச் சேதக் கணக்கு. நிழல் கட்டாயம். வெயிலில் பை சூடேறி மண் 40 டிகிரியைத் தொட்டால் பூஞ்சை முடங்கிவிடும், கன்று தப்பிக்கும், ரகம் தாங்குகிறது என்று தவறாக எழுதிவிடுவார்கள். கட்டை சிறியதாக இருந்தாலும் இதே ஏமாற்றம்தான்.

ஒரே ஒரு மாதிரியை வைத்துச் சோதித்தால் அந்த ஓர் உயிரை எதிர்த்துத்தான் முடிவு. மாதிரிக்கு மாதிரி மூர்க்கம் மாறும். வேகம் குறைந்த மாதிரியில் எல்லா ரகமும் நல்ல ரகமாகத் தெரியும். சிலர் இதைச் சரிசெய்வதாக நினைத்து நான்கைந்து மாதிரிகளை ஒரே கட்டையில் கலந்து ஏற்றுகிறார்கள். அவை உள்ளேயே வரப்புக் கட்டிக்கொண்டு சண்டை போடும், வென்றது எது என்று யாருக்கும் தெரியாது. சரியான வழி, கட்டைக்கு ஒரு மாதிரி, மாதிரிக்குத் தனி வரிசை, எல்லா வரிசையிலும் தெரிந்த நலிவு ரகம் ஒன்றும் தெரிந்த தாங்கும் ரகம் ஒன்றும் ஒப்பீட்டுக்கு. தூய டெலி வழியைவிட ஆப்பிரிக்காவின் ஸயர், கேமரூன் கலப்பு வழியில் தாங்கும் தன்மை கூடுதலாக வந்திருப்பது நம் செம்பனை வாரியத்தின் சோதனையில் தெரிந்ததுதான். எந்த ரகமும் முழுமையாகத் தப்பிப்பதில்லை.

டிரைக்கோடெர்மா பொடி விற்பவர்களிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள். ஒரு தட்டில் ஒரு கானோடெர்மாவை அடக்கிய படத்தைக் காட்டுவார்கள். உங்கள் நிலத்தில் நாற்பது மரத்தில் நாற்பது உயிர் இருக்கலாம்.

#14 மேட்டுப்பிரிவு

சரி, மறுநடவில் செய்ய வேண்டியதை எழுதுகிறேன். பள்ளத்துக்கு வைத்திருக்கும் பணம் இதற்குத்தான் போக வேண்டும் என்று நானும் ஒத்துக்கொள்கிறேன்.

வெட்டுவதற்கு ஆறு மாதம் முன்பே நோய் மரங்களுக்குச் சாயம் அடித்து எண் போட்டு வரைபடத்தில் குறித்துவிட வேண்டும். வெட்டியபின் எது நோய்க் கட்டை என்று யாருக்கும் தெரியாது. எக்ஸ்கவேட்டரால் மரத்தைத் தள்ளிச் சாய்க்க வேண்டும், அறுக்கக் கூடாது. அறுத்தால் அடிக்கட்டை மண்ணிலேயே நின்றுவிடும். சாய்ந்த இடத்தில் ஒன்றரை மீட்டர் சதுரம், ஒரு மீட்டர் ஆழம் தோண்டி அடிக்கட்டையையும் வேர்க்கட்டையும் வெளியே எடுக்க வேண்டும். களிமண் நிலத்தில் மழை நாளில் தோண்டினால் வாளியில் மண்ணும் வேரும் உருண்டையாக வரும், பாதி வேர் உள்ளேயே அறுந்து நிற்கும். காய்ந்த மாதங்களில்தான் இந்த வேலை.

தண்டையும் அடிக்கட்டையையும் 10 சென்டிமீட்டருக்கு மேல் தடிப்பில்லாமல் சீவ வேண்டும். கட்டை பெரியதாக இருந்தால் பூஞ்சைக்குப் பல வருடச் சாப்பாடு, மெல்லியதாக இருந்தால் காய்ந்து சீக்கிரம் மட்கிவிடும். சீவியதைக் குவிக்காமல் பரப்புங்கள். குவித்தால் காண்டாமிருக வண்டு முட்டையிட்டு இளங்கன்றின் குருத்தைத் துளைக்கும், ஒரு நோயைத் தவிர்க்கப்போய் இன்னொரு தொல்லை. மேலே மூடுபயிர் படர விடுங்கள். எரிக்க வேண்டாம். புதுக் கன்றின் குழியைப் பழைய வரிசைக்கு நடுவில், பழைய குழியிலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளிப் போடுங்கள். முடிந்தால் ஒரு வருடம் நிலத்தைச் சும்மா விடலாம். வருமானம் ஒரு வருடம் தள்ளிப்போகும் என்பதால் சிறு நிலக்காரர்களுக்குக் கஷ்டம்தான், ஆனாலும் நோய் கடுமையான பிளாக்கில் நான் விடச் சொல்வேன்.

#15 கணக்குப்பிள்ளை

இப்போது நிற்கும் 40 மரத்துக்கு? காளானை வெட்டி எடுத்தால் வித்து குறையும்தானே? ஹெக்ஸாகொனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி ஊசியும் போடச் சொல்கிறார்கள்.

#16 இழைக்கூடம்

காளான் வெட்டுவதில் எனக்கும் வித்துவழிக்கும் கருத்து வேறுபாடு உண்டு. கடல் தாண்டி மரபணு போய்வருகிறது என்றால் ஒரு நிலத்தில் மட்டும் வெட்டி என்ன பயன் என்பார். நான் வெட்டச் சொல்வேன். பொத்தான் அளவு வெள்ளையாக இருக்கும்போதே, துளை திறக்கும் முன், மாதம் ஒரு முறை. பெரிதானபின் வெட்டி வாய்க்காலில் எறிவதால் ஒன்றும் ஆகாது. முக்கியமாக மறுநடவுக்கு வெட்டும் மாதங்களில், நிலம் முழுக்கப் புது வெட்டுமுகம் கிடக்கும்போது, பக்கத்தில் வித்து உதிர்க்கும் காளான் ஒன்றும் இருக்கக் கூடாது.

ஹெக்ஸாகொனசோல் மரத்துக்கு 4.5 கிராம் மருந்துப் பொருள், 10 லிட்டர் நீரில், அழுத்தத்தோடு தண்டுக்குள். 5 விழுக்காட்டுச் சரக்கு என்றால் 90 மில்லி. பாதிக்கு மேல் அழுகாத மரத்துக்கு மட்டும். ஆயுளை நீட்டும், பூஞ்சையை வேரோடு ஒழிக்காது. அதோடு இடுப்பளவுக்கு மண் அணைத்தால் புது வேர் விட்டு மரம் சாயாமல் சில வருடம் குலை தரும்.

#17 வித்துவழி

வெட்டுமுகம் திறந்திருக்கும் மாதங்களில் காளான் வெட்டுவதை நானும் ஏற்கிறேன் அக்கா. இணைவு நடக்கும் இடம் அதுதான், தூரத்து வித்தைவிட அருகில் உதிர்வதே அங்கே அதிகம் விழும்.

#18 கீழ்ப்பிரிவு

எல்லாருக்கும் நன்றி. எல்லைப் பள்ளத்தை நிறுத்தி வைக்கிறேன். இந்த வாரம் 12 மரத்தில் 24 காளான், காகிதப் பையில். மண் அணைப்பு அதற்குப் பிறகு. ஒரே மரத்தின் இரண்டு காளானையும் ஒன்றோடொன்று மோதவிட வேண்டுமா அக்கா, ஒன்றை மட்டும் எடுத்தால் போதுமா?

#19 இழைக்கூடம்

கட்டாயம் மோதவிடுங்கள், 12 இணை, மும்முறைக்கு 36 தட்டுதான் கூடுதல். அந்த இரண்டுக்கும் நடுவில் கோடு வந்தால் அந்த மரம் இரண்டு பக்கமிருந்து தனித்தனியாக நோய் வாங்கியிருக்கிறது. அந்த மரத்தைச் சுற்றித்தான் மறுநடவில் முதலில் தோண்ட வேண்டும். வரைபடத்தில் அதற்கு வேறு நிறம் கொடுங்கள்.